பரண் மேல் ஒரு பாட்டில், பாரிஸில் ஒரு பஞ்சாயத்து

மக்களே, முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். குடி குடியைக் கெடுக்கும். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. 15 வருஷம் குடிக்காமல் வைத்திருந்த ஒரு பாட்டிலைப் பற்றிய பதிவு. கூடவே கொஞ்சம் சரித்திரமும் உண்டு. பிள்ளைகளுக்குத் தைரியமாகப் படித்துக் காட்டலாம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். வருஷம் 2008. நொய்டாவில் நாங்கள் வந்து செட்டில் ஆகி நாலு வருஷம். ஆபீஸுக்கு பிரான்சிலிருந்து ஒரு சீனியர் இன்ஜினியர் ப்ராஜெக்ட் வேலையாக வந்து போய்க்கொண்டிருந்தார். சொந்த ஊர் போர்தோ பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். தங்கமணியின் வத்தக்குழம்பை மூக்கில் தண்ணீர் வர வர ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனவர், அடுத்த தடவை ஊரிலிருந்து வரும்போது எங்கள் மூன்று வயசுப் பெண்ணுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின். போர்தோவின் மெதோக் பகுதியில் விளைந்தது, 2005ஆம் வருஷத்து அறுவடை.

"உன் பெண் பிறந்த வருஷம். எங்களுக்கு ரொம்ப நல்ல வருஷம். ஒன்றை இன்றைக்குத் திறப்போம். இன்னொன்றை அவளுக்கு 18 வயசு ஆகும்போது திற."

"குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வரத் தெரியாதா இந்த மனுஷனுக்கு?" என்று தங்கமணி சமையலறையிலிருந்து தமிழில் கேட்டாள். நல்ல வேளை, அவருக்குப் புரியவில்லை. பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை எடுத்து வைப்பது அவர்கள் ஊரில் வழக்கமாம். நம் ஊரில் வீட்டுக்குப் பின்னால் தென்னம்பிள்ளை நடுகிற மாதிரி என்று நான் சமாளித்தேன்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். இன்றைக்குக் குடிக்கும் ஒயின் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். 15 வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே எப்படிச் சொல்ல முடியும்? இது என்ன ஒயினா, ஜாதகமா?

கேட்டேவிட்டேன். மனுஷன் உற்சாகமாகிவிட்டார்.

முதலில் கிளாஸை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தார். நிறம் நடுவிலிருந்து விளிம்பு வரை கறுப்பு கலந்த ஊதா. இளசாக இருந்தால் இப்படி. வயசாக ஆக விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போகுமாம். அப்புறம் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்க்கச் சொன்னார். அவர் சொன்ன பழத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு நாவல்பழம் மாதிரி தோன்றியது, அதையே சொன்னேன். கூடவே புதுசாகப் பென்சில் சீவிய வாசனை. அதைச் சொன்னதும் என் முதுகில் தட்டினார். மெதோக் ஒயினுக்கு அது அடையாளமாம்.

அடுத்தது வாய். ஒரு மடக்கு எடுத்து வாய் முழுக்கச் சுற்றவிட்டேன். பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கும் ஈறும் இழுத்துக்கொண்டன. அவர் "டானின்" என்றார். அந்த உணர்ச்சி ஒரு சுவையா இல்லையா என்று ஆங்கிலத்தில் விளக்க ரொம்பவே தடுமாறினார். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை பாருங்கள். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்புக்குப் பேர் வைத்து உட்காரவைத்திருக்கிறோம். பாக்கு, வாழைப்பூ, மாவடு, கடுக்காய் எல்லாம் அதே சங்கதிதான்.

திராட்சையின் தோல், விதை, காம்பு, ஒயினை ஊறவைக்கும் ஓக் மரப்பீப்பாய் எல்லாவற்றிலிருந்தும் இந்தத் துவர்ப்பு இறங்குகிறது. பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, ஒரு பங்கு வண்டலாக அடியில் படிகிறது. நாக்கைப் பிடித்து இழுத்தது மெல்ல மெத்தென்று ஆகிறது. பழ வாசனை அடங்கி, சுருட்டுப் பெட்டி, தோல், மழையில் நனைந்த சருகு மாதிரி வாசனைகள் வருகின்றன. பழைய பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு இறுப்பது இந்த வண்டலுக்காகத்தான். ரசத்தில் தெளிவு எடுக்கிற அதே வேலை.

"அப்போ துவர்ப்பு அதிகமா இருந்தா ரொம்ப வருஷம் தாங்கும், அவ்வளவுதானே?" என்றேன்.

இல்லையாம். புதுசாகச் சுவைக்கிறவர்கள் எல்லாரும் விழும் குழி இதுதானாம். துவர்ப்பு இறங்க இறங்க உள்ளே மிச்சம் இருக்கப் பழம் வேண்டும், உயிரோடு வைத்திருக்கப் புளிப்பு வேண்டும், விழுங்கின பிறகும் ருசி வாயில் நீளமாக நிற்க வேண்டும். நாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றால் அந்த ஒயினுக்கு ஆயுசு கெட்டி. வெறும் துவர்ப்பு மட்டும் இருந்தால், 15 வருஷம் கழித்து வெறும் கிழவன்தான் மிஞ்சுவான், அனுபவம் மிஞ்சாது. இது அவர் சொன்னது.

"இவ்வளவும் பார்த்தாலும் இது ஜோசியம்தானே?"

"ஜோசியம்தான். ஆனால் எங்களிடம் 1855ஆம் வருஷத்துப் பட்டியல் இருக்கிறது" என்றார். குரலில் ஒரு பெருமிதம்.

பாட்டிலைப் பரணில் பத்திரப்படுத்திவிட்டு, அது என்ன பட்டியல் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே ஆரம்பித்தது 1976இல் வந்து நின்றது.

1855இல் பாரிஸில் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலம். போர்தோ ஒயின்களைத் தரவாரியாகக் காட்ட வேண்டும் என்று அந்த ஊர் வணிகர் சங்கம் ஒயின் தரகர்களிடம் பட்டியல் கேட்டது. அவர்கள் மெதோக்கின் சிவப்பு ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். முதல் தரத்தில் நாலே நாலு: லாஃபித், லத்தூர், மார்கோ, மெதோக்குக்கு வெளியே இருந்தும் இடம் பிடித்த ஓ-பிரியோன்.

இதில் சுவாரசியம் என்ன தெரியுமா? பட்டியலுக்காக யாரும் உட்கார்ந்து ஒயினைச் சுவைத்து மார்க் போடவில்லை. பல வருஷமாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்று தரகர்களுக்குத் தெரியும். அந்த விலை வரிசைதான் தர வரிசை. குருட்டாம்போக்கு என்று சொல்ல முடியாது. நீண்ட நாள் விலைக்குள் நீண்ட நாள் அனுபவமும் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளில் வரிசையே விலையைத் தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் தரத்தில் இருந்த மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தை முதல் தரத்துக்கு ஏற்ற அதன் உரிமையாளர் பல வருஷம் போராடினார். நடந்தது 1973இல். உத்தரவில் கையெழுத்துப் போட்ட விவசாய மந்திரி ழாக் ஷிராக், பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதி. 118 வருஷத்தில் பெரிய மாற்றம் அந்த ஒன்றுதான்.

மூன்று வருஷம் கழித்துப் பஞ்சாயத்து வந்தது.

பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்று ஒரு ஆங்கிலேயர் ஒயின் கடையும், ஒயின் சொல்லித்தரும் பள்ளியும் நடத்திவந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் விற்ற வெள்ளைக்காரர். திருநெல்வேலியில் போய் அல்வாக் கடை போடுகிற துணிச்சல். அமெரிக்க சுதந்திரத்தின் 200வது ஆண்டு 1976இல் வந்தது. அதையொட்டிக் கலிபோர்னியா ஒயின்களைப் பாரிஸ்காரர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கலாம் என்று அவரோடு வேலை பார்த்த அமெரிக்கரான பட்ரீசியா கேலகர் யோசனை சொன்னார். சும்மா கொடுத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று, பிரான்சின் தலைசிறந்த ஒயின்களையும் ஸ்பரியர் கலந்துவிட்டார்.

1976 மே 24. பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல். நடுவர்கள் ஒன்பது பேர், அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்கள். லேசுப்பட்டவர்கள் இல்லை. ரொமானே-கோந்தி தோட்டத்தின் ஒபேர் தெ வில்லேன், 'லா ரெவ்யூ து வேன் தெ ஃபிரான்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர் ஓதெத் கான், கிரான் வெஃபூர் உணவகத்தின் ரெமோன் ஒலிவர் என்று எல்லாரும் ஜாம்பவான்கள். ஒயின்கள் அடையாளம் இல்லாத பாட்டில்களிலிருந்து ஊற்றப்பட்டன. கண், மூக்கு, வாய், எல்லாம் சேர்ந்த இசைவு என்று பார்த்து 20க்கு மார்க்.

பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஜெயிக்கப்போகும் போட்டியில் செய்தி என்ன இருக்கிறது என்று ஒருவரும் வரவில்லை. வந்தவர் 'டைம்' பத்திரிகையின் ஜார்ஜ் டேபர் ஒருவர்தான். அவர் கையில் எந்த எண் எந்த ஒயின் என்ற பட்டியல் இருந்தது. நடுவர் ஒருவர் ஒரு வெள்ளை ஒயினை உறிஞ்சிவிட்டு, ஆஹா பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று பூரித்தார். டேபர் பட்டியலைப் பார்த்தால் அது கலிபோர்னியா!

முதலில் வெள்ளை ஒயின். கலிபோர்னியாவின் ஷாத்தோ மோன்டெலீனா ஜெயித்தது. செய்தவர் மைக் கிர்கிச், குரோஷியாவிலிருந்து பிழைக்க வந்தவர். சிவப்பைச் சுவைக்கும் முன்பே இந்த முடிவை ஸ்பரியர் சொல்லிவிட்டார். நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை ஏமாறக் கூடாது. சிவப்பில் மொத்தம் பத்து ஒயின். ஆறு கலிபோர்னியா. நாலு போர்தோ: மூத்தோன் 1970, ஓ-பிரியோன் 1970, மோந்த்ரோஸ் 1970, லேயோவில் லாஸ்காஸ் 1971.

முதலிடம் யாருக்கு? ஸ்டாக்ஸ் லீப் 1973. கலிபோர்னியா. மூத்தோன் மிகச் சிறிய வித்தியாசத்தில் இரண்டாவது. அந்த ஸ்டாக்ஸ் லீப் ஒயின் வந்த கொடிகள் நட்டது 1970இல். மூன்றே வயசுக் கொடி! செய்தவர் வாரன் வினியார்ஸ்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1964இல் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுக் கிளம்பிக் கலிபோர்னியாவுக்கு வந்து, அடுத்தவர் ஆலையில் எடுபிடி வேலையிலிருந்து தொழில் கற்றவர். இந்த இடத்தைப் படித்தபோது மூட்டை முடிச்சோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறின நம் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

முடிவு அறிவித்ததும் ஓதெத் கான் தன் மார்க் தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகைகள் பல மாதம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் வந்தது அந்த வாதம். இந்தப் பதிவுக்கே காரணம் அதுதான். "எங்கள் ஒயின் வயசாவதற்காகச் செய்தது. ஆறு வயசில் துவர்ப்பு வாயைக் கட்டத்தான் செய்யும். கலிபோர்னியா ஒயின் இளசிலேயே இனிக்கும், சீக்கிரம் செத்துப்போகும். இருபது வருஷம் பொறுத்துப் பாருங்கள்."

யோசித்துப் பார்த்தால் இது நியாயமான வாதம். என் போர்தோக்காரர் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தானே? நல்ல துவர்ப்புள்ள இளம் ஒயினை இன்றைய ருசியை மட்டும் வைத்து எடை போடக் கூடாது. காலம்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலம் பதில் சொன்னது. அதுவும் மூன்று தவணையில்.

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் அதே ஒயின்களை வைத்து மறுபடி ஒரு சுவைப்பு. ஸ்டாக்ஸ் லீப் மறுபடி முதலிடம். சரி, இரண்டு வருஷம் என்ன பெரிய காலம் என்று விட்டுவிடலாம். 1986இல், பத்து வருஷம் கழித்து, நியூயார்க்கில் ஸ்பரியரின் மேற்பார்வையில் சிவப்பு ஒயின்களை மட்டும் சுவைத்தார்கள். ஜெயித்தது க்லோ டு வால் 1972. பாரிஸில் எட்டாவதாக வந்த கலிபோர்னியா ஒயின். இதற்கும் சமாதானம் இருந்தது: போர்தோ இன்னும் முழுசாகக் கனியவில்லை.

2006 மே 24. சரியாக 30 வருஷம். லண்டனிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் ஒரே நாளில் இரண்டு நடுவர் குழுக்கள். ஒயின்களுக்கு வயசு 33லிருந்து 37 வரை. இரண்டு ஊர் மார்க்கையும் கூட்டினார்கள். முதலிடம் ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971, கலிபோர்னியா. முதல் ஐந்து இடமும் கலிபோர்னியா. ஆறாவது இடத்தில் மூத்தோன். எது சீக்கிரம் செத்துப்போகும் என்றார்களோ, அதுதான் நின்று விளையாடியது.

இதை வைத்துப் பிரெஞ்சு ஒயின் மட்டம் என்று யாரும் ஜல்லி அடிக்க வேண்டாம். பத்து ஒயின் என்பது பத்தே ஒயின்தான். நடுவர்களின் மார்க்குகள் ஒருவருக்கொருவர் ஏகத்துக்கு மாறின. மூத்தோன் பாரிஸில் மயிரிழையில்தான் தோற்றது. போர்தோவின் நல்ல ஒயின் அரை நூற்றாண்டு தாங்கும் என்பதும் நிஜம். எனக்குப் பட்டது வேறு. "எங்களுடையது மட்டும்தான் காலத்தில் நிற்கும்" என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபோது அவர்கள் நாக்கை வைத்துப் பேசவில்லை. லேபிளை வைத்துப் பேசினார்கள். காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அது நமக்குச் சாதகமாகத்தான் பேசும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் கூப்பிட்ட பிறகு கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இவ்வளவும் படித்த பெரிய மனுஷன் நான். இனி லேபிள் பார்த்து மயங்க மாட்டேன் என்று தீர்மானமாக இருந்தேன். ஹி ஹி.

2023 மே மாதம். பெண்ணுக்கு 18. பரணிலிருந்து பாட்டில் இறங்கியது. பக்கத்து பிளாக் நண்பர் வந்திருந்தார், ஒயின் விஷயம் தெரிந்தவர். கார்க் பாதி நொறுங்கித்தான் வந்தது. இருவர் கிளாஸிலும் ஊற்றினேன். அவர் லேபிளைப் பார்த்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார். "பிரெஞ்சுன்னா பிரெஞ்சுதான் சார்." நானும் தலையை ஆட்டினேன். "ஆமா, என்ன ஒரு ஆழம்!"

பெண் அந்தப் பக்கமாக வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கிளாஸை நீட்டி, மோந்து மட்டும் பார்க்கச் சொன்னேன்.

"யாருப்பா புளிக்காய்ச்சலை அடிப்பிடிக்க விட்டது?"

அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்தால் செங்கல் நிறம்கூட இல்லை. கலங்கின காப்பிக் கலர். வாயில் பழம் இல்லை, துவர்ப்பு இல்லை, வேகவைத்த உலர்திராட்சை மாதிரி ஒரு வாசனையும் மூக்கில் ஏறும் புளிப்பும்தான். பாட்டில் கழுத்தில் பிசுபிசுவென்று கசிந்து காய்ந்த தடம். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆழத்தைப் பார்த்தோமாம், ஆழத்தை.

குற்றம் ஒயினுடையது இல்லை. 12, 14 டிகிரியில், இருட்டில், அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டிய பொருள் அது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த பரணில் 15 நொய்டா கோடையைக் கழித்தது. மே மாதம் 45 டிகிரி. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ள, காற்று உள்ளே புகுந்திருக்கிறது. நடுவில் இரண்டு தடவை வீடு மாற்றி லாரியில் வேறு குலுங்கியது. அவர் பார்த்த ஜாதகம் சரி. நான் வளர்த்த விதம்தான் சரியில்லை.

போர்தோக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார். பெண்ணின் பிறந்தநாள் வாழ்த்தோடு "எப்படி இருந்தது?" என்று மெயிலில் கேட்டிருந்தார். 15 வருஷம் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷனிடம் என்ன சொல்வது? "அற்புதம்" என்று ஒரு பதில் எழுதிவிட்டேன். அனுப்பும் முன் ஓதெத் கான் ஞாபகம் வந்தது. நானும் மார்க் தாளைத் திருத்தத்தானே பார்க்கிறேன்? அழித்துவிட்டு, பரண், 45 டிகிரி, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். புளிக்காய்ச்சலை விளக்கத்தான் ஒரு முழுப் பாரா ஆனது.

மறுநாளே பதில் வந்தது. ரொம்ப நேரம் சிரித்தாராம். கடைசி வரி இது: "அதே பெட்டியில் இன்னும் மூன்று பாட்டில் என் நிலவறையில் இருக்கிறது. லேபிளைத் துணியால் மூடி வைக்கிறேன். உன் பெண்ணை அனுப்பு. நீ வர வேண்டாம்."